குரோமோசோம்கள் சொன்ன உறவுமுறை: தாவரவியலாளர் ஜானகி அம்மாளின் வாழ்வு

களக்காட்டுத் தோட்டங்களில் விளையும் ஏத்தன் வாழைக்கு விதை கிடையாது. பக்கக்கன்றைப் பெயர்த்து நட்டால்தான் அடுத்த தலைமுறை. தாரை வெட்டித் தோளில் சுமந்து வரப்பு வழியே நடந்து வண்டியில் ஏற்றுகிற கூலித் தொழிலாளி இதை நன்கறிவார். அதற்குக் காரணம் என்ன, வாழை யாருக்குப் பிறந்தது என்னும் கேள்விகளுக்கு விடை காண அறிவியலுக்கு நெடுங்காலம் ஆயிற்று. 1753இல் சுவீடன் நாட்டுத் தாவரவியலாளர் கார்ல் லின்னேயஸ் வாழைக்கு மூசா பாரடைசியாக்கா என்று பெயரிட்டு, அதைத் தனியொரு சிற்றினமாக ஏட்டில் பதித்தார். ஆறாண்டுகள் கழித்து மூசா சேப்பியன்டம் என்று இன்னொரு சிற்றினத்தையும் சேர்த்தார். இரண்டுமே தனிச் சிற்றினங்கள் அல்ல, கலப்பில் பிறந்தவை என்று பின்னர் தெரியவந்தது.

நேந்திரன் என்றும் வழங்கப்படும் ஏத்தனின் ஒவ்வொரு செல்லிலும் 33 குரோமோசோம்கள் உள்ளன. பதினொன்று கொண்ட மூன்று தொகுதிகள் அவை. இரண்டு தொகுதிகள் மூசா அக்குமினேட்டா என்னும் காட்டு வாழையிலிருந்து வந்தவை. மூன்றாவது, மூசா பால்பிசியானா என்னும் வேறொரு காட்டு வாழையுடையது. மூன்று தொகுதிகளும் சமமாகப் பிரிந்து இணைசேர இயலாததால் விதை உருவாவது தடைபடுகிறது. 1955இல் சிம்மண்ட்ஸ், ஷெப்பர்டு என்னும் இருவர் இந்தக் கணக்கைக் கொண்டு பயிரிடப்படும் வாழைகளை வகைப்படுத்தினர். ரசகதலியும் பூவனும் மொந்தனும் அந்தக் கணக்கிற்குள் வந்தன. நூல்களில் தூய இனமாக நின்றது, இரண்டு காடுகளின் கலப்பாகத் தோட்டத்தில் நின்றிருந்தது.

பேரினம், வரிசை, வகுப்பு என உயிர்களை அடுக்கியபோது, தாவரங்களின் வகுப்பைத் தீர்மானிக்க லின்னேயஸ் மலரின் மகரந்தத்தாள்களை எண்ணினார். எண்ணிக்கை ஒத்திருந்தால் ஒரே வகுப்பு. 1859இல் டார்வினின் நூல் வெளிவந்தபின் அந்த அடுக்குக்கு வேறு பொருள் வந்தது. ஒரே பேரினத்தில் நிற்பவை ஒரு பொது மூதாதையின் வழித்தோன்றல்கள். வகைப்பாடு என்பது வம்சாவளி. (அதே 1859இல்தான், மலைக்கு அந்தப் பக்கம் தெற்குத் திருவிதாங்கூரில், நாடார் பெண்கள் மார்பை மறைத்துக்கொள்ளலாம் என்று அரசு ஆணை பிறப்பிக்க வேண்டியிருந்தது.) ஆனால் வம்சாவளியை எதைக் கொண்டு காண்பது? தோற்றம் ஏமாற்றும், அண்டை வாழ்வும் ஏமாற்றும். களக்காட்டு மலைகளில் சிங்கவால் குரங்கும் நாட்டுக்குரங்கும் வாழ்கின்றன. பக்கத்து மரத்துக் குரங்குகள் நெருங்கிய சொந்தமாக இருக்கும் என்று நாம் எண்ணுவோம். சிங்கவால் குரங்கின் நெருங்கிய உறவினரோ கடல் கடந்து தென்கிழக்கு ஆசியாவில் வாழும் பன்றிவால் குரங்குகள். உறவு உடலுக்குள் எழுதப்பட்டிருக்கிறது. அதைப் படிக்கக் கற்க வேண்டும்.

தாவரங்களில் அந்த எழுத்தைப் படித்த முதல் இந்தியர்களுள் ஒருவர் ஜானகி அம்மாள். வகைப்பாட்டியலுக்கு இந்திய அரசு வழங்கும் தேசிய விருது இன்று அவர் பெயரில் உள்ளது. கல்லூரித் தாவரவியல் மாணவர்களுக்கு அவர் பெயர் ஒரு மதிப்பெண் வினாவுக்கான விடை. அந்த ஒரு மதிப்பெண்ணுக்குள் அடங்காத வாழ்வை நாம் இங்கே சொல்ல முற்படுகிறோம்.

எடவலத் கக்கட் ஜானகி அம்மாள் 1897 நவம்பர் 4 அன்று, அப்போது சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த மலபாரின் தலச்சேரியில், தீயர் குடும்பத்தில் பிறந்தார். தெற்கே ஈழவர் எனப்படும் சமூகத்தோடு சேர்த்து எண்ணப்படும் சமூகம் அது. தென்னையேறிக் கள்ளிறக்குவதும் நாட்டு மருத்துவமும் அவர்களுடைய தொழில்களாக இருந்தன. தொட்டால் மட்டுமன்றி, குறிப்பிட்ட அடிகளுக்குள் அண்டினாலே தீட்டு என்று கேரளச் சாதியம் வகுத்திருந்த அளவுகோலில் அவர்களுக்கும் ஓர் அளவு குறிக்கப்பட்டிருந்தது. தலித்துகளுக்கு விதிக்கப்பட்ட தொலைவு அதனினும் பெரிது. அந்த வேறுபாட்டை நாம் மறைக்க வேண்டியதில்லை. அவர் பிறப்பதற்கு முந்தைய ஆண்டு, 1896இல், மருத்துவர் பல்பு 13,176 ஈழவர்களின் கையொப்பத்தோடு திருவிதாங்கூர் மன்னரிடம் கல்வியும் அரசு வேலையும் கேட்டு விண்ணப்பித்திருந்தார். சென்னையில் மருத்துவம் பயின்ற பல்புவுக்கே சொந்த நாட்டில் வேலை மறுக்கப்பட்டு, அவர் மைசூருக்குப் போக நேர்ந்தது. மலபார் ஆங்கிலேயரின் நேரடி ஆட்சியில் இருந்ததால் அங்கிருந்த தீயர்களில் சிலருக்குக் கதவு சற்றுத் திறந்திருந்தது. ஜானகியின் தந்தை கிருஷ்ணன் தலச்சேரியில் சார்பு நீதிபதி. பறவைகளைக் கூர்ந்து நோக்கி எழுதியவர். வீட்டில் தோட்டமும் நூலகமும் வைத்திருந்தவர்.

தாய் தேவி, திருவிதாங்கூரில் ஆங்கிலேய ரெசிடெண்டாக இருந்த ஜான் சைல்டு ஹானிங்டனுக்கும் ஒரு தீயர் பெண்ணுக்கும் மணவுறவுக்கு வெளியே பிறந்தவர். கிருஷ்ணனின் இரண்டு மனைவியருக்கும் பிறந்த குழந்தைகள் பத்தொன்பது பேர். அவ்வளவு பெரிய குடும்பத்தில் ஜானகியின் சகோதரிகள் ஒவ்வொருவராக மணமாகிப் போக, அவர் படிப்பைத் தேர்ந்தெடுத்தார். கடைசிவரை மணம் செய்துகொள்ளவில்லை. சாதியின் கணக்கில் கலப்பு என்பது களங்கம். அந்தக் களங்கத்தைக் குடும்பக் கதையாகவே பெற்றுப் பிறந்த ஒருவர், கலப்பினால் இயற்கை என்ன செய்கிறது என்பதை ஆராய்வதில் வாழ்நாளைச் செலவிட்டார். இரண்டுக்கும் காரண காரியத் தொடர்பு இருந்தது என்று நாம் அடித்துச் சொல்லவில்லை. ஆனால் இதைக் குறிக்காமல் கடந்து போகவும் மனம் வரவில்லை.

இங்கே முந்நூறு ஆண்டுகள் பின்னே சென்று ஒருவரைப் பார்த்துவிட்டு வர வேண்டும். கொச்சியில் டச்சு ஆளுநராக இருந்த வான் ரீடு தொகுத்த ஹோர்ட்டஸ் மலபாரிக்கஸ் என்னும் நூல் 1678 முதல் 1693 வரை பன்னிரண்டு தொகுதிகளாக ஆம்ஸ்டர்டாமில் அச்சாயிற்று. மலபாரின் செடிகொடிகளைப் பற்றிய அந்நூலுக்குத் தாவர அறிவை வழங்கியவர்களுள் முதன்மையானவர் இட்டி அச்சுதன் என்னும் ஈழவ மருத்துவர். கொங்கணப் பார்ப்பனர் மூவரும் அதில் பங்கேற்றனர் என்றாலும், செடிகளை இனங்கண்டதிலும் அவற்றை உறவு வகையில் தொகுத்ததிலும் ஈழவ மருத்துவ மரபே வலுவாக நிற்கிறது என்று வரலாற்று ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். லின்னேயஸ் இந்தியாவுக்கு வந்ததில்லை. தென்னிந்தியத் தாவரங்கள் பலவற்றை அவர் அந்த நூலைப் பார்த்தே அறிந்தார். மலையாளப் பெயர்கள் சில அவர் வழியாக அறிவியல் பெயர்களுக்குள் புகுந்தன. ஆக, வகைப்பாட்டியல் ஐரோப்பாவிலிருந்து இங்கே இறக்குமதியான சரக்கு என்பது பாதி உண்மைதான். கள்ளிறக்கும் சமூகத்தின் மருத்துவ அறிவு அதன் அடித்தளக் கற்களுள் ஒன்று. அந்தச் சமூகத்தின் மகள் ஒருத்தி அத்துறைக்குள் கல்லூரி வாசல் வழியாக நுழைய மேலும் இரண்டரை நூற்றாண்டுகள் பிடித்தன.

ஜானகி சென்னைக்கு வந்து இராணி மேரி கல்லூரியில் பயின்றார். பின்னர் மாநிலக் கல்லூரியில் 1921இல் தாவரவியலில் ஆனர்ஸ் பட்டம் பெற்றார். மகளிர் கிறித்துவக் கல்லூரியில் ஆசிரியர் வேலை. ஆசியப் பெண்களுக்கென அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகம் வழங்கிய பார்பர் உதவித்தொகை கிடைத்தது. கப்பலேறிச் சென்று முதுகலை முடித்து, இடையில் திரும்பி வந்து, மீண்டும் சென்று 1931இல் அறிவியல் முனைவர் பட்டம் பெற்றார். கத்தரியும் தக்காளியும் புகையிலையும் சேர்ந்த குடும்பத்தின் நிக்காண்ட்ரா என்னும் செடியின் குரோமோசோம்களே அவர் ஆய்வுப் பொருள். தாவரவியலில் இந்த உயரம் தொட்ட முதல் இந்தியப் பெண்களுள் ஒருவர் அவர்.

திரும்பி வந்தவருக்கு 1932இல் திருவனந்தபுரம் மகாராஜா அறிவியல் கல்லூரியில் பேராசிரியர் பணி கிடைத்தது. அந்த ஆண்டுகளைச் சற்று நின்று நோக்க வேண்டும். வைக்கம் போராட்டம் முடிந்து ஏழாண்டுகள் ஆகியிருந்தன. ஆயினும் ஈழவர்களும் புலையர்களும் கோயிலுக்குள் நுழையத் தடை நீடித்தது. சட்டமன்றத்திலும் அரசு வேலையிலும் மக்கள்தொகைக்கேற்ற பங்கு கோரி ஈழவரும் கிறித்தவரும் முஸ்லிம்களும் நிவர்த்தனப் போராட்டத்தைத் தொடங்கிய காலம் அது. கோயில் நுழைவுப் பிரகடனம் வந்தது 1936 நவம்பரில்தான். அமெரிக்காவில் முனைவர் பட்டம் பெற்ற ஒரு பெண், அந்நகரத்தில் வகுப்பறைக்குள் பேராசிரியர். நகரின் நடுவே நிற்கும் பத்மநாபசாமி கோயிலின் கணக்கிலோ வாசலுக்கு வெளியே நிற்க வேண்டியவர்.

1934இல் அவர் கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்கு நிறுவனத்துக்கு மரபியலாளராகச் சென்றார். அவருடைய அறிவியலின் உயிர்நாடி இங்கேதான் புலப்படுகிறது. ஆகவே இதை விரிவாகவே சொல்வோம்.

இனிப்பும் சாறும் மிக்க தடித்த கரும்பு வெப்ப மண்டலத்துக்குரியது. வட இந்தியாவின் குளிரும் வறட்சியும் நோயும் அதற்கு ஒவ்வா. 1912இல் தொடங்கப்பட்ட கோவை நிறுவனத்தில் பார்பரும் வெங்கட்ராமனும், வெள்ளை என்று பெயர்பெற்ற தடிக்கரும்பை, வாய்க்கால் ஓரத்தில் தானாக வளரும் நாணல் போன்ற காட்டுப்புல்லோடு சேர்த்துக் கோ 205 என்னும் புதுக்கரும்பை 1918இல் தந்தனர். அந்தக் காட்டுப்புல்லின் அறிவியல் பெயர் சக்காரம் ஸ்பான்டேனியம். இனிப்பில்லாதது, மெலிந்தது, எவரும் நட்டு வளர்க்காதது. ஆனால் வறட்சியையும் நோயையும் தாங்கும் வலிமை அதனிடம் இருந்தது. நாட்டின் சர்க்கரைத் தொழிலைத் தூக்கி நிறுத்தியது, எவரும் மதிக்காத அந்தப் புல்லின் குருதி என்று சொல்வது மிகையாகாது.

ஜானகி செய்தது, இந்த உறவுகளைச் செல்லுக்குள் சென்று எண்ணியது. தடிக்கரும்பில் 80 குரோமோசோம்கள். காட்டுப்புல்லிலோ ஓரிடத்தில் 40, வேறிடத்தில் 128 வரை, இடையில் பற்பல எண்கள். ஒரே பெயருக்குள் இத்தனை வேறுபாடு ஏன்? தொகுதிகள் இரட்டித்தும் மடங்கு மடங்காகப் பெருகியும் வருவதைப் பன்மடியம் என்கிறோம். ஒரு செடி எங்கே தோன்றியது, எந்தத் திசையில் பரவியது, வழியில் யாரோடு கலந்தது என்பதை இந்த எண்களைக் கொண்டு தடம் பிடிக்கலாம் என்று அவர் கண்டார். காட்டுக்கரும்பின் பூர்வீகம் இந்திய நிலம் என்று நிறுவுவதில் அவருடைய எண்ணிக்கைகளுக்குப் பங்கு உண்டு. மேலும் ஒரு படி சென்று, கரும்பை அதன் பேரினத்துக்கு வெளியே உள்ள புற்களோடும் இணைத்தார். கரும்பையும் மக்காச்சோளத்தையும் சேர்த்து உண்டான கலப்பினம் பற்றி 1938இல் நேச்சர் இதழில் எழுதினார். பேரினம் என்னும் வேலி மனிதர் புரிதலுக்காக நட்டது. மகரந்தம் சில வேளைகளில் அதைத் தாண்டிப் பறக்கும்.

அந்த நிறுவனத்தில் அவருக்கு நிம்மதி இருக்கவில்லை. தனித்து வாழும் பெண், பிற்படுத்தப்பட்ட சாதி, வெளிநாட்டுப் பட்டம் ஆகிய மூன்றையும் சக ஆண் அறிவியலாளர்களால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை என்று அவர் வாழ்வை ஆராய்ந்தவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். 1935இல் சி.வி. இராமன் நிறுவிய இந்திய அறிவியல் கழகம் அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது; தினமும் போய்வந்த பணியிடம் அவரைத் தன்னுள் ஒருவராகத் தேர்ந்தெடுக்கவில்லை. ஒடுக்கப்பட்ட சமூகங்களிலிருந்து உயர்கல்வி நிறுவனங்களுக்குள் நுழைந்திருக்கும் இன்றைய ஆய்வு மாணவர்களுக்கு இந்த வேறுபாட்டை நாம் விளக்கத் தேவையில்லை.

1939 ஆகஸ்டில் எடின்பரோவில் நடந்த உலக மரபியல் மாநாட்டுக்குச் சென்றவர், போர் மூண்டதால் இங்கிலாந்திலேயே தங்கினார். இலண்டனை அடுத்த மெர்ட்டனில் இருந்த ஜான் இன்னெஸ் தோட்டக்கலை ஆய்வு நிறுவனத்தில் 1940 முதல் 1945 வரை பணி. குண்டுவீச்சு நடக்கும் இரவுகளில் கட்டிலுக்கு அடியில் ஒளிந்துகொண்டு, காலையில் உடைந்த கண்ணாடித் துண்டுகளைக் கூட்டித் தள்ளிவிட்டு ஆய்வைத் தொடர்ந்தார் என்பது அவரைப் பற்றி வழங்கும் செய்தி. 1945இல் சிரில் டார்லிங்டனும் அவரும் இணைந்து எழுதிய பயிர்த் தாவரங்களின் குரோமோசோம் அட்லஸ் வெளிவந்தது. மனிதர் பயிரிடும் செடிகள் ஒவ்வொன்றின் குரோமோசோம் எண்ணையும் பூர்வீகத்தையும் ஒருங்கே தொகுத்த நூல் அது. நெல்லும் கோதுமையும் பருத்தியும் எவ்வெவற்றின் உறவு என்று கேட்கிறவர்கள் நெடுங்காலம் கையில் எடுத்தது அந்தப் புத்தகத்தைத்தான். 1955இல் அதை விரித்துப் பூக்கும் தாவரங்கள் அனைத்துக்குமான அட்லசாக டார்லிங்டன் வெளியிட்டபோது, உடனாசிரியராக வேறொருவரின் பெயர் இருந்தது.

அதன்பின் விஸ்லியில் அரச தோட்டக்கலைக் கழகத்தில் ஐந்தாறு ஆண்டுகள். கோல்ச்சிசின் என்னும் மருந்தைத் தடவி மக்னோலியா மரங்களின் குரோமோசோம் தொகுதிகளை இரட்டிக்கச் செய்தார். அவ்வாறு உருவான மக்னோலியா ஒன்று இன்றும் அவர் பெயரோடு அங்கே பூக்கிறது.

1951இல் நேரு அவரை அழைத்தார். 1890இல் ஆங்கிலேயர் தொடங்கிய இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தைச் சீரமைக்கும் தனி அலுவலராக 1952இல் பொறுப்பேற்றார். இந்தியச் செடிகளை அறிய இந்தியர் இலண்டனுக்குச் சென்று அங்குள்ள உலர்தாவரத் தொகுப்புகளைப் பார்க்க வேண்டிய நிலை மாற வேண்டும் என்பது அவர் கருத்து. ஆனால் 1954இல் தலைமைத் தாவரவியலாளர் பதவி, ஸ்பெயினில் பிறந்த ஏசுசபைத் துறவி சந்தாபாவ் அவர்களுக்குச் சென்றது. ஜானகி அலகாபாத்தில் மைய ஆய்வகத்தின் பொறுப்பில் இருந்தார். பின்னர் ஜம்மு, பின்னர் டிராம்பே. இவ்வாண்டுகளில் இமயத்துத் தாவரங்களில் அவர் கண்ட ஒன்று குறிக்கத்தக்கது. குளிர்ந்து வறண்ட வடமேற்கு இமயத்தைவிட, குளிர்ந்து நனைந்த வடகிழக்கு இமயத்தில் பன்மடியச் செடிகள் மிகுதி. அங்கேதான் சீனத் தாவரங்களும் மலேயத் தாவரங்களும் இந்தியத் தாவரங்களும் சந்திக்கின்றன. சந்திக்கும் இடத்தில் கலப்பு நிகழ்கிறது. கலப்பு நிகழும் இடத்தில் புதிய சிற்றினங்கள் பிறக்கின்றன.

இந்த இடத்தில் அண்ணல் அம்பேத்கரை நினையாமல் இருக்க இயலாது. 1916 மே மாதம் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இருபத்தைந்து வயது மாணவராக அவர் படித்த கட்டுரை, சாதியின் சாரம் அகமணமுறையே என்று நிறுவியது. தொழிலோ தீட்டோ சாதியின் வேர் அல்ல, கலப்புக்கு விதிக்கப்பட்ட தடையே வேர் என்பது அவருடைய முடிவு. அக்காலத்தில் சாதியை இனம் என்று காட்ட முயன்றோரும் இருந்தார்கள். சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், மீன்களையும் சங்குகளையும் பாடம் செய்து வைத்த அதே நிறுவனத்தில் அமர்ந்து தென்னிந்தியச் சாதியினரின் மூக்குகளை அளந்தார். 1909இல் ஏழு தொகுதிகளாகச் சாதிகளின் பட்டியல் வந்தது. விலங்குகளை வகைப்படுத்தும் கையே மனிதரையும் வகைப்படுத்தியது. அந்த மூக்கு அளவுகளையே எடுத்துக்கொண்டு, பார்ப்பனரும் தீண்டப்படாதோரும் வேறுவேறு இனத்தவர் என்பதற்கு அதில் சான்றே இல்லை என்று 1948இல் அம்பேத்கர் காட்டினார்.

பிற்கால மரபணு ஆய்வுகள் அவரையே உறுதிசெய்தன. ஐதராபாத் செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையமும் ஹார்வர்டும் இணைந்து 2013இல் வெளியிட்ட ஆய்வின்படி, சுமார் 4,200 ஆண்டுகளுக்கும் 1,900 ஆண்டுகளுக்கும் இடைப்பட்ட காலத்தில் இத்துணைக் கண்டத்து மக்கள் விரிவாகக் கலந்தார்கள். அதன்பின்னர் அகமணம் இறுகியது. எல்லோரும் கலப்பில் பிறந்தவர்களே. பின்னாளில் போடப்பட்ட பூட்டைத்தான் ஆதியிலிருந்து வந்த பிறப்பு என்று சாத்திரம் பெயர் மாற்றி எழுதியது. வகைப்பாட்டியலும் பிறப்பைக் கேட்கிறது, சாதியும் பிறப்பைக் கேட்கிறது. முன்னது, எங்கிருந்து வந்தாய், யாரெல்லாம் உன் சொந்தம் என்று கேட்டு, சான்று மாறினால் தன் ஏட்டைத் திருத்திக்கொள்ளும். பின்னது விடையை முதலிலேயே எழுதிவைத்துவிட்டுக் கேட்கும். மீறிக் கலந்தவர்களைத் தண்டவாளத்திலும் வயலிலும் கிடத்தும். நெல்லைச் சீமையில் ஆணவக்கொலைச் செய்திகளைப் படித்துப் பழகிய நமக்கு இது வெறும் ஒப்புமை அல்ல.

ஜானகி அம்மாளை நாம் சாதி ஒழிப்புப் போராளியாக்கிச் சொல்லவில்லை. அவ்வியக்கங்களின் மேடைகளில் நாம் அவரைக் காண்பதில்லை. ஆனால் தாவரத்தை மனிதரிடமிருந்து பிரித்துப் பார்க்காத பார்வை அவரிடம் இருந்தது. புவியின் முகத்தை மாற்றுவதில் மனிதரின் பங்கு குறித்து 1955இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் நடந்த பெரும் கருத்தரங்குக்கு அழைக்கப்பட்ட ஒரே பெண் அவர். அங்கே அவர் பேசியது இந்தியாவின் பிழைப்பாதார வேளாண்மை பற்றி. காட்டை நம்பி வாழும் பழங்குடிகளின் பயிர்களும் பழக்கங்களும் பற்றி.

களக்காட்டுக்கு மேலே உள்ள காட்டைப் பார்க்கும்போது அந்தப் பார்வையின் தேவை விளங்கும். 1976இல் சிங்கவால் குரங்குக்காகக் களக்காடு சரணாலயம் அமைந்தது. 1988இல் முண்டந்துறையோடு சேர்ந்து புலிகள் காப்பகமானது. காணி மக்கள் அந்த மலைகளில் வாழ்கிறார்கள். மலைக்கு அந்தப் பக்கத்துக் காணிகள் களைப்பு நீங்க மெல்லும் ஆரோக்கியப்பச்சை என்னும் செடியை 1987இல் அறிவியலாளர்கள் அவர்கள் காட்டித்தான் அறிந்தார்கள். அதே காப்பகத்துக்குள் மாஞ்சோலை. 1929இல் சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 8,374 ஏக்கர் குத்தகைக்குப் போன அந்த மலையில் தலைமுறைகளாகத் தேயிலை பறித்த தொழிலாளர்களில் பெரும்பாலோர் தலித்துகள். 1999 ஜூலை 23 அன்று அவர்களுக்காக நெல்லையில் ஊர்வலம் சென்றவர்களில் 17 பேர் காவல்துறைத் தாக்குதலில் தாமிரபரணியில் மாண்டனர். 2024இல் மலையை விட்டு இறங்குமாறு தொழிலாளர்களிடம் சொல்லப்பட்டது. அந்தக் காட்டின் தவளைக்கும் மரத்துக்கும் ஏட்டில் இடமுண்டு. அங்கே பிறந்து வளர்ந்த தேயிலைத் தொழிலாளியை எந்தப் பிரிவில் எழுதுவது என்று அரசுக்கு இன்றுவரை புலப்படவில்லை. காட்டைக் காப்பதும் அங்குள்ள மனிதரைக் காப்பதும் எதிரெதிரானவை என்னும் வாதத்தை நாம் ஏற்பதற்கில்லை.

1970இல் ஜானகி சென்னைக்குத் திரும்பினார். சென்னைப் பல்கலைக்கழகத் தாவரவியல் உயராய்வு மையத்தின் மதுரவாயல் களஆய்வகமே அவருக்கு வீடும் பணியிடமும். மருத்துவச் செடிகளை நட்டார், பூனைகளை வளர்த்தார். எண்பது வயதைக் கடந்த நிலையில், கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கில் அணை கட்டும் திட்டத்தை எதிர்த்தவர்களோடு நின்றார். எதிர்ப்பதற்கு அவர் தேர்ந்த வழி அவருக்கே உரியது. நீரில் மூழ்கவிருந்த அந்தக் காட்டு மரங்களின் குரோமோசோம்களை எண்ணிப் பதிவு செய்ய இறங்கினார். அந்தக் காட்டின் அடையாளமாகப் போராட்டக்காரர்கள் தூக்கிப் பிடித்ததும் களக்காட்டின் அதே சிங்கவால் குரங்கைத்தான். 1983இல் திட்டம் கைவிடப்பட்டது. 1984 பிப்ரவரி 7 அன்று, மதுரவாயல் ஆய்வகத்தில் பணியில் இருந்தபோதே, ஜானகி அம்மாள் மறைந்தார். அந்த ஆண்டு நவம்பரில்தான் அமைதிப் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

பல்லி ஒன்றின் செய்தியும் மீதமிருக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டுமே வாழும் ஒரு மரப்பல்லியை 1875இல் ஆனைமலையின் பெயரால் குந்தர் விவரித்தார். 1933இல் மால்கம் ஸ்மித் அதற்கெனத் திராவிடோகெக்கோ என்று தனிப் பேரினம் வகுத்தார். பின்னர் வந்தவர்கள் அதை வீட்டுப் பல்லிகளின் பேரினத்தோடு சேர்த்தார்கள். 2019இல் மரபணுவையும் உடலமைப்பையும் சேர்த்து ஆராய்ந்த குழு, அது தனிப் பேரினமே என்று மீட்டதோடு, ஒன்று என்று கருதப்பட்டதற்குள் ஏழு சிற்றினங்கள் இருப்பதையும் கண்டது. புதிதாகப் பெயரிடப்பட்ட ஆறில் ஒன்று நெல்லை மாவட்டத்து மலைகளில் வாழ்வது. அதற்கு டக்ளஸ் ஆடம்ஸ் என்னும் ஆங்கில நாவலாசிரியரின் பெயரை வைத்தார்கள். இன்னொன்றின் பெயர் திராவிடோகெக்கோ ஜானகியே.